கடலூருக்குப் போகாத கிணறுகள்

7

தங்கராசு அழுது முடிக்கும்வரை துப்பறிவாளர் ராஜமாணிக்கம் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண் அழும்போது அவன் முகத்தைப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. அவருடைய உதவியாளர் வெண்மதிக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது. அவள் நன்றாகவே பார்த்தாள். இது நடிப்பென்றால் இந்த ஆள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக்கொண்டு காலத்தை வீணடிக்கிறான் என்று முடிவு செய்தாள்.

வழக்கு இதுதான். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவன் கதிர்வேல். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தங்கராசுவின் கூட்டாளி. கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ரசாயனக் கம்பெனி வந்தபிறகு சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக மாறியது. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண் வந்தது. ஆய்வுக்கூடத்தின் முதலாளி பழனிவேலோ தண்ணீர் பத்தரைமாற்றுத் தங்கம் என்று தொடர்ந்து சான்று கொடுத்துவந்தார். கதிர்வேலுக்குப் பொறுக்கவில்லை. விடுமுறை நாட்களில் அதே கிணறுகளுக்குத் தானே போய்த் தண்ணீர் எடுத்து, ரகசியமாகச் சோதித்து, முடிவுகளையும் போட்டோக்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘கிணறு’ என்ற ஃபோல்டரில் சேர்த்துவைத்தான். கம்பெனியை இன்னும் பெரிதாக்குவதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் புதன்கிழமை கடலூரில் நடக்கவிருந்தது. அங்கே அதை எல்லார் முன்னாலும் வைப்பதாக ஏற்பாடு.

ஒரு மாலை அந்த ஃபோல்டரைச் சிதம்பரத்திலிருந்து தங்கராசு கடையின் சர்வர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டதாக மனைவி இளவரசியிடம் கதிர்வேல் சொன்னான். மறுநாள் காலையில் பைக்கில் கடலூருக்குக் கிளம்பியவன் புதுச்சத்திரம் தாண்டவில்லை. எதிரே வந்த டிப்பர் லாரி அடித்துப்போட்டுவிட்டுப் போய்விட்டது. விபத்து என்று போலீஸ் எழுதியது. காரியமெல்லாம் முடிந்தபிறகு பார்த்தால், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் இல்லை. அனுப்பிய கையோடு அவரே அழித்திருப்பார், பிரதி தங்கராசு அண்ணனிடம் பத்திரமாக இருக்கிறது என்றாள் இளவரசி. எனக்கு எதுவுமே வரவில்லை என்றான் தங்கராசு.

கம்பெனிக்காரனிடம் விலைபோய்விட்டான் என்று ஊர் பேசியது. இளவரசி பஸ் ஏறி வந்து, அவன் கடை வாசலில் நின்று, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதற்கும் பிறகுதான் ராஜமாணிக்கத்தைத் தேடி வந்து, அவனிடமிருந்து அதை எப்படியாவது வாங்கித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

“மண்ண வாரித் தூத்துனது கூடப் பரவால்ல சார்,” என்றான் தங்கராசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அவன் பொணத்துக்கு முன்னாடி நின்னு தோள் குடுத்தவன் நான். என்னப் போயி வித்துட்டேன்றாங்க.”

ராஜமாணிக்கம் காலண்டரிலிருந்து திரும்பினார். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஃபோல்டரை எப்படி அனுப்புகிறார்கள் என்று கேட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் மின்சாரம் தின்னும் டைப்ரைட்டர். தங்கராசு பொறுமையாக விளக்கினான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடிக்கவேண்டும். முதலில் எந்த ஃபோல்டர், அடுத்து எந்த ஆளின் பெயரில் எந்த மெஷினுக்கு. எண்டர் தட்டினால் கிளம்பிவிடும்.

“பார்சல் ஆபீஸ் மாதிரியா?”

“அதேதான் சார். ரசீதுதான் கெடையாது.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

அவ்வளவு போட்டோவும் வந்துசேர ராத்திரி முழுக்க ஆகும் என்றான் தங்கராசு. வீட்டு பிராட்பேண்டில் இறக்குவது சைக்கிள் வேகம், ஏற்றுவது நத்தை வேகம். தன் சர்வருக்குக் ‘கடல்’ என்று பெயர் வைத்ததே கதிர்வேல்தான் என்று சொல்லும்போது அவன் குரல் மறுபடியும் உடைந்தது. ராஜமாணிக்கம் மறுபடியும் காலண்டருக்குத் திரும்பினார்.

சிதம்பரம் பஸ்ஸில் மழைச்சாரலுக்கு ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு வெண்மதி கேட்டாள், அந்த ஆள் சொல்வது நிஜம் என்று நினைக்கிறீர்களா என்று. ராஜமாணிக்கம் வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, பொய் சொல்கிறவன் இன்னும் நல்ல கதையாகச் சொல்லியிருப்பான் என்றார். வந்தது, வைரஸ் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மின்சாரம் போனதில் கெட்டுவிட்டது என்றிருக்கலாம். வரவே இல்லை என்பது ரொம்ப ஏழைப் பொய்.

“அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா சார்?”

“அவுங்க அழுதப்போ நான் காலண்டரப் பாக்கல வெண்மதி. முகத்ததான் பார்த்தேன். அதுவும் நெசம்.”

“ரெண்டு பேரும் நெசம்னா, நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா சார் வேலை? எறங்கி கொத்சு இட்லி சாப்ட்டுட்டு ஊருக்குத் திரும்பிடலாம்.”

அவர் சிரிக்கவில்லை. புதுச்சத்திரம் வந்தபோது பஸ் கொஞ்சம் வேகம் குறைத்தது. சாலையோரத்தில் யாரோ செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு மாலையைப் போட்டிருந்தார்கள். மழையில் பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் கிடந்தது.

இளவரசியின் வீடு கனகசபை நகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. தெருவைத் தோண்டி மூடிய தடம் இன்னும் சேறாகக் கிடந்தது. முப்பத்தைந்து வயதுகூட இராத அந்தப் பெண் மூன்று வாரத்தில் பாதியாகிப் போயிருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் அனுப்பிரியா பள்ளிக்கூடம் போயிருந்தாள், சுவரில் அவள் போட்டோ மட்டும் இருந்தது. கூடத்து மூலையில் கதிர்வேலின் மேஜை இருந்தது. பழைய கம்ப்யூட்டர், படங்களைச் சேர்த்துவைக்கலாம், பார்க்கிற வசதியெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். சமயத்தில் கணவன் சொல்லச் சொல்ல இளவரசியே அதில் கிணறுகளின் பெயர்களை அடித்துக் கொடுப்பதுண்டாம்.

அவளே பாஸ்வேர்டை அடித்து நாற்காலியை வெண்மதிக்கு விட்டுக்கொடுத்தாள். வெண்மதி பிசிஏ படித்தவள். இதற்குமுன் என்னென்ன கட்டளை அடிக்கப்பட்டது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

ராஜமாணிக்கம் வழக்கம்போலத் தன் கேள்விக்கு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் என்ன சமைத்தீர்கள்? எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் இதைக் கேட்பார். கொலை நடந்த வீட்டிலும் கேட்டிருக்கிறார். இவருக்குத் துப்பு கிடைக்காவிட்டாலும் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று போட்டுவிடலாம் என்று வெண்மதி பலமுறை நினைத்ததுண்டு.

இளவரசி யோசித்துச் சொன்னாள். சாதமும் கத்தரிக்காய்க் குழம்பும். குக்கரை அடுப்பில் ஏற்றும்போது அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விசில் வருவதற்குள் எழுந்து வந்து, முடிந்தது, கடலுக்குப் போய்விட்டது என்று அவள் தோளைத் தொட்டுச் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறார சாப்பிட்டார்.

வெண்மதியின் விரல் விசைப்பலகையில் நின்றது. ராஜமாணிக்கம் அவளைப் பார்த்தார். ராத்திரி முழுக்க ஆகவேண்டிய வேலை, ஒரு விசிலுக்குள்.

“அந்த சந்தோஷத்த யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

“பெண்ணாடத்துல எங்கம்மா இருக்காங்க. அவுங்ககிட்ட சொல்லலாம்னு போன எடுத்தேன். உயிரே இல்ல. மதியானமே தெருவத் தோண்டறேன்னு ஒயர வெட்டிட்டானுங்க. அடுத்த நாளும் வரல சார், நாலு நாள் கழிச்சித்தான் சரி பண்ணானுங்க. அவரு செத்த சேதி கூட பக்கத்து வீட்டு போனுக்குத்தான் வந்துச்சி.”

ராஜமாணிக்கம் சுவரோரம் ஓடிய ஒயரைக் கண்ணால் தொடர்ந்தார். அது போனில் போய் முடியவில்லை. ஒரு கிளை பிரிந்து மேஜைக்கு அடியில் இருந்த பெட்டிக்குப் போயிற்று.

“வெண்மதி, இந்த நெட்டு எந்த ஒயர்ல வருது?”

“போன் ஒயர்லதான் சார்,” என்றவள், சொல்லி முடிப்பதற்குள்ளேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒயர் வெட்டுப்பட்டிருந்த வீட்டிலிருந்து ஒரு புல்லைக்கூட அனுப்பியிருக்க முடியாது. ஆனால் கதிர்வேல் அனுப்பியிருக்கிறான். கம்ப்யூட்டரும் முடியாது என்று சொல்லவில்லை. சிக்னல் இல்லாத ஊரில் பஸ் பறக்கிற மாதிரி எண்டர் தட்டியதும் வேலை முடிந்திருக்கிறது. வெண்மதி பழைய வரிகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போன மாதம் ஒத்திகைக்காக ஒரு சின்ன ஃபோல்டரை அனுப்பிய வரி கிடைத்தது. அதற்குக் கீழே, அந்த மாலை அடித்த வரி. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தாள்.

scp -r sodhanai kathir@kadal:

scp -r kinaru kathir@kadal

“அட கடவுளே,” என்றாள் மெதுவாக.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்த ராஜமாணிக்கத்துக்கு அவள் விரலால் காட்டினாள். மேல் வரியின் முடிவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. கீழ் வரியில் அது இல்லை. அந்த இரண்டு புள்ளி இருந்தால்தான் ‘கடல்’ என்பது வேறொரு மெஷின் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். இல்லாவிட்டால், அந்தப் பெயரில் இங்கேயே ஒரு புது ஃபோல்டர் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இதே வீட்டுக்குள் ஒரு பிரதி போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். தப்பு என்றும் சொல்லாது. பாஸ்வேர்டு கேட்காமல் போகும்படி தங்கராசு முன்பே செய்துகொடுத்திருந்ததால், கேட்கவில்லையே என்ற சந்தேகமும் கதிர்வேலுக்கு வந்திருக்காது.

“அப்படீன்னா பார்சலு?”

“ஆபீசுக்கே போவல சார். கடலூர்னு விலாசம் எழுதி, நம்ம வீட்டு அலமாரியிலேயே வச்சிட்டாரு.”

அவள் அங்கிருந்த ஃபோல்டர்களின் பெயர்களை வரிசையாகத் திரையில் கொண்டுவந்தாள். உட்கார்ந்ததுமே ஒருமுறை பார்த்த வரிசைதான். அதில் kathir@kadal என்று ஒன்று இருந்தது. சர்வர் தொடர்புக்கான ஏதோ சமாச்சாரம் என்று அப்போது தாண்டிப் போயிருந்தாள். இப்போது உள்ளே நுழைந்தாள். சவரியம்மாள் வீட்டுக் கிணறு, அய்யனார் கோயில் கிணறு, முத்தம்மாள் கொல்லை, பள்ளிக்கூடத்துக் கிணறு என்று பெயர்கள் கீழே இறங்கிக்கொண்டே போயின. எல்லாம் இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

வெண்மதிக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது. திரும்பி இளவரசியின் முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷப்படவேண்டிய பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

ராஜமாணிக்கம் மட்டும் அதை எதிர்பார்த்தவர்போல் இருந்தார். திரையைக் காட்டி, அந்த மாலை வரிக்கு அப்புறம் என்ன அடித்திருக்கிறது என்று வெண்மதியைக் கேட்டார். அவள் படித்தாள். கிணறு ஃபோல்டரை அழிப்பதற்கான கட்டளை, தப்பாக அடித்திருக்கிறது. மறுபடியும் தப்பு. மூன்றாம் முறைதான் சரியாக வந்திருக்கிறது. அதன்பிறகு எதுவும் இல்லை.

“கதிர்வேல் இதுக்கு முன்னாடி அழிச்சிருக்காரா?”

“நெறைய தடவ சார். ஒரு தடவ கூடத் தப்பா அடிக்கல.”

படிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தினமும் ஏறி இறங்கும் படியில் ஒருவன் இரண்டு முறை தடுக்கி விழமாட்டான். இது வேறொரு கை. பாஸ்வேர்டு தெரிந்த கை. சற்றுமுன் அந்தப் பாஸ்வேர்டைத் தடங்கலில்லாமல் அடித்த விரல்கள் இப்போது புடவைத் தலைப்பைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தன.

ராஜமாணிக்கம் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முழங்காலில் வலி உள்ள மனிதர். அப்படி உட்காருவதை வெண்மதி அதுவரை பார்த்ததில்லை.

“யாரும்மா வந்தது?”

இளவரசி சொல்ல ஆரம்பித்தாள். கருமாதி முடிந்த மறுநாள் பழனிவேல் துக்கம் விசாரிக்க வந்தார். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். காபி குடித்தார். கதிர்வேலைப்பற்றி நல்லவிதமாகப் பேசினார். பிறகு அனுப்பிரியா எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஆட்டோவில் போகிறாள், ஆட்டோக்காரன் எப்படி ஓட்டுகிறான் என்று விசாரித்தார். ரோடு சரியில்லை, லாரிக்காரன்கள் கண்மண் தெரியாமல் வருகிறார்கள், பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார். எழுந்திருக்கும்போது, இந்த வீட்டில் தேவையில்லாதது எதுவும் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்று கம்ப்யூட்டரின் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

“அன்னிக்கே ஒக்காந்து அழிச்சேன் சார். கடலூர்ல ஒண்ணு இருக்குதே, அண்ணன் கையால கூட்டத்துல வச்சிடுவாருன்ற தைரியத்துலதான் அழிச்சேன். என் வீட்லேர்ந்து போவலன்னா எம்புள்ளைய ஒண்ணும் பண்ண மாட்டான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, அண்ணன் வரவே இல்லன்றாரு. அப்ப அவர் ஒழச்சதெல்லாம் நான்தான் சாவடிச்சேனா? அத என்னால தாங்க முடியல. அண்ணன்தான் வித்துட்டாருன்னு மனசார நம்புனேன். நம்புனாத்தான் சோறு எறங்குச்சி.”

வெண்மதி உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இளவரசியின் கையில் கொடுத்தாள்.

ராஜமாணிக்கம் பழனிவேல் அதற்கப்புறம் வந்தாரா என்று கேட்டார். வீட்டுக்கு வரவில்லை. ஆனால் இவள் துப்பறிவாளரைப் பார்க்கப் போன சேதி எப்படியோ எட்டியிருக்கிறது. மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் காரை நிறுத்திக்கொண்டு நிற்கிறாராம். அனுப்பிரியாதான் வந்து சொன்னாள், அப்பாவோட லேப் அங்கிள் டாட்டா காட்டினார் என்று.

வெண்மதி கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரம்தான்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இந்த முறை இரண்டு புள்ளியோடு வரியை வெண்மதி அடித்தாள், எண்டரை இளவரசி தட்டினாள். நத்தை கிளம்பியது. முதல் போட்டோ முழுதாகப் போய்ச்சேரும்வரைகூட வெண்மதி காத்திருக்கவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவரை எனக்குத் தெரியும், அவரிடம் பேசுகிறேன், நீ பிள்ளையைக் கூட்டிவா என்றார் ராஜமாணிக்கம். அவள் ஆட்டோவில் ஏறினாள்.

பள்ளிக்கூட வாசலில் குடைகளும் சைக்கிள்களுமாக ஒரே கூட்டம். எதிர்ச்சாரியில் வெள்ளைக் கார் ஒன்று. அதை ஒட்டி ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நெற்றியில் விபூதி, சலவைச் சட்டை. பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெரிய மனிதர். அவர் அனுப்பிரியாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

வெண்மதி நேராகப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அனுப்பிய அக்கா என்று சொன்னாள். பிறகு, கல்யாண வீட்டில் விசாரிக்கிற தோரணையில் அவரிடம் பேசினாள்.

“பழனிவேல் சார்தானே? உங்களுக்கு ஒரு சேதி. கிணறெல்லாம் கடலூருக்குப் போயிடுச்சி.”

அவர் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. “எந்தக் கிணறும்மா?”

“எல்லாக் கிணறும் சார். கடலூர்லேர்ந்து மெட்ராசுக்கும் போயிடுச்சி. இனிமே இந்த ஊர்ல அழிக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. அந்தம்மா வீட்லயும் இல்ல, இந்தப் புள்ளகிட்டயும் இல்ல. எங்க சார் இப்ப போலீஸ்ல பேசிக்கிட்டிருக்காரு. புதுச்சத்திரத்துல அடிச்ச லாரி யாரோடதுன்னு கேக்கறாரு. கூடவே இந்த வண்டி நம்பரையும் சொல்லச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

முதல் கிணறே இன்னும் பாதி வழியில்தான் இருந்தது. மெட்ராசுக்கு எதுவும் போகவில்லை. வண்டி நம்பரை அவள் அந்த நிமிஷம்தான் பார்த்தாள். பொய்யை ஏழையாகச் சொல்லக்கூடாது என்று காலையில்தான் பாடம் கேட்டிருந்தாள்.

பழனிவேல் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். லாரி என்ற சொல்லில் அவர் பிடித்திருந்த குடை பிள்ளையின் தலையை விட்டு விலகியதை வெண்மதி கவனித்தாள். அதைக் கவனித்திருக்கவேண்டாம் என்றும் தோன்றியது. குடையை மடக்கி, மழையில் நனைந்துகொண்டே காருக்குள் ஏறினார். கிளம்பாமல், செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். எடுக்கவில்லைபோல. மறுபடியும் கூப்பிட்டார். அவர் மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மகளை வாசலிலேயே தூக்கிக்கொண்ட இளவரசி வெகுநேரம் இறக்கிவிடவில்லை. போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கவேண்டும், புதன்கிழமைவரை காவலுக்கு ஆள் வரும், இந்தக் கணக்கு அத்தனை சுலபமாகத் தீராது என்று ராஜமாணிக்கம் சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு, இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதை உங்கள் முன்னாலேயே செய்துவிடுகிறேன் என்று போனை எடுத்துக் கடலூருக்குப் போட்டாள்.

தங்கராசுவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. பழனிவேல் வந்தது, தான் அழித்தது, அழித்துவிட்டு அவன்மேல் பழி போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணே, அண்ணே என்று இரண்டு முறை கூப்பிட்டாள். ராஜமாணிக்கம் சுவரில் காலண்டர் தேடினார். அந்த வீட்டில் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது போனில் தங்கராசுவின் குரல் கேட்டது. கரகரப்பாக, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல.

“சவரியம்மாள் வீட்டுக் கிணறு. வந்துடுச்சி.”

இளவரசி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. திரையில் எண்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. நெடுநேரம் கழித்து மறுபடியும் குரல் வந்தது. அய்யனார் கோயில் கிணறு. வந்துடுச்சி.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.